எட்டுக் கிராம்

மனிதரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் மனிதருக்கு முழுதும் அடங்காத விலங்கு பூனை. நாய் தன் தலைவனை நாடி வரும். ஆவும் எருதும் தொழுவத்தில் கட்டுண்டு நிற்கும். பூனையோ தன் விருப்பின்படியே வரும், விருப்பின்படியே போகும். திண்ணையில் உறங்கிக் கிடப்பது போலத் தோன்றும். அடுத்த கணம் மதில்மேல் நிற்கும். எனினும் தமிழர் அதனை நெடுங்காலமாகவே உற்றுநோக்கி வந்துள்ளனர். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களின் இளமைப் பெயர்களை வகுக்குங்கால், வெருகு எனப்படும் காட்டுப்பூனையின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயரை உரியதாக்கி, 'பறழ்' என்றாலும் பொருந்தும் என்கின்றார். கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையைத் தமக்கு உவமையாக்கினார். பூனை என்றவுடன் பால் நினைவுக்கு வருவது நம்மவர்க்கு இன்று நேற்று ஏற்பட்ட பழக்கம் அன்று. அப்பழக்கமே ஒரு குட்டியின் உயிருக்கு இடையூறாக முடியவிருந்தது.

2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் இரவு சோழநாட்டுக் கடலோரப் பகுதியில் பெருமழை கொட்டியது. சீர்காழியில் மட்டும் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வயல்கள் குளங்களாயின, தெருக்கள் வாய்க்கால்களாயின. மறுநாட்காலை, மயிலாடுதுறையில் ஒரு தெருக்கோடி வீட்டில் வாழ்ந்த எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வாசலில் தேங்கிய நீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்போது சாக்கடை ஓரத்தில், மழையில் ஒதுங்கிய வாழைச் சருகின்மேல், சாம்பல் நிறக் குட்டி ஒன்று கிடப்பதைக் கண்டாள். அது கத்தவில்லை, வாயைத் திறந்தது, ஒலி வரவில்லை.

தனித்துக் கிடக்கும் குட்டியெல்லாம் கைவிடப்பட்ட குட்டி என்று எண்ணுதல் தவறு. தாய்ப்பூனை தன் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி இடம் மாற்றும் இயல்புடையது. இரண்டாம் குட்டியை எடுக்கச் சென்ற தாய் திரும்பி வருமுன், முதற்குட்டியை இரக்கமுள்ள மனிதர் தூக்கிச் சென்றுவிடுவதும் உண்டு. ஆதலின் குட்டி உலர்ந்தும் வெம்மையோடும் இருந்தால், எட்ட நின்று சில நாழிகை காத்திருத்தலே முறை. இந்தக் குட்டியோ நனைந்து விறைத்திருந்தது; நீரும் ஏறிக்கொண்டிருந்தது. சிறுமி காத்திருக்கவில்லை. அவள் கையில் எடுத்தபோது, அந்நிலையிலும் அது அவள் விரலைக் கடித்துவிட்டது. அவளுடைய தாயார் அவ்விரலைக் குழாய்நீரில் சவர்க்காரமிட்டுக் கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடச் செய்தார். நோயின் பெயரில் நாய் இருப்பினும் பூனைக்கடியாலும் அந்நோய் வரும். கடித்தது கைக்குழந்தை போன்ற குட்டிதானே என்று அசட்டையாய் இருத்தல் கூடாது. இதில் அத்தாயார் காட்டிய விரைவு பாராட்டத்தக்கது.

வீட்டில் பாட்டியார் குட்டியைப் பழந்துணியால் துவட்டினார். பசும்பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி அதன்முன் வைத்தார். குட்டி நக்கிக் குடித்தது. பாட்டியாருக்கு மகிழ்ச்சி, சிறுமிக்குப் பெருமகிழ்ச்சி. மாலையில் மீண்டும் பால். இரவில் மீண்டும் பால். நள்ளிரவில் குட்டிக்கு வயிற்றுப்போக்குக் கண்டது.

சிறுமியின் தந்தையார் ஒரு மளிகைக் கடையில் கணக்கராக இருந்தார். மிளகும் ஏலமும் நிறுப்பதற்கென்று அக்கடையில் முன்பு வைத்திருந்த சிறிய மின்னணுத் தராசு ஒன்று, புதியது வந்தபின் மூலையில் கிடந்தது. உரிமையாளரிடம் கேட்டு அதனை அவர் சனிக்கிழமை மாலையே கொணர்ந்திருந்தார். குட்டியைப் பனையோலைப் பெட்டி ஒன்றில் இட்டு நிறுத்தார். பெட்டியின் நிறையைக் கழித்தார். 380 கிராம். ஞாயிறன்று 366. திங்கட்கிழமை காலை 352. சிறுமி இம்மூன்று எண்களையும் தன் கணக்குச் சுவடியின் கடைசிப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது, அவளுக்கு எவரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கண் பார்த்தால் குட்டி முந்தைய நாள் இருந்தபடியே இருந்தது. எண்கள் அவ்வாறு சொல்லவில்லை.

அரசு கால்நடை மருந்தகத்தின் மருத்துவர் முதலில் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். பற்களைக் கொண்டு, வயது ஏறத்தாழ ஆறு வாரம் என்றார். பிறக்கும்போது பூனைக்குட்டியின் நிறை 100 கிராம் அளவு இருக்கும். நலமுள்ள குட்டி நாள்தோறும் 10 முதல் 15 கிராம் வரை கூடிக்கொண்டே வரும். ஆறு வாரத்தில் 600 கிராமைத் தாண்டி நிற்கும். இதுவோ அதில் பாதியைச் சற்றே கடந்திருந்தது. ஈறு வெளுத்திருந்தது, மயிரைப் பிரித்துப் பார்க்கத் தெள்ளுப்பூச்சிகள் ஓடின. பிடரித் தோலைச் சிறிது இழுத்து விட்டார். அது உடனே படியாமல் மெல்ல மெல்லப் படிந்தது. உடலில் நீர் குறைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். விலா எலும்புகளை எண்ணலாம் போலிருக்க, வயிறு மட்டும் பானை போல் உப்பியிருந்தது. அதனைக் கொழுமை என்று சிறுமி எண்ணியிருந்தாள். குடற்புழுக்கள் மிகுந்த வயிறு அவ்வாறு உப்பும் என்பதை அன்றுதான் அறிந்தாள்.

"என்ன கொடுத்தீர்கள்?" என்று மருத்துவர் வினவினார்.

"நல்ல பசும்பால்தான் கொடுத்தேன். தண்ணீர்கூடக் கலக்கவில்லை" என்றார் பாட்டியார்.

"அம்மா, தாங்கள் அன்போடு கொடுத்தீர்கள். இதன் குடல் அதனை ஏற்கவில்லை. பசும்பால் கன்றுக்கென அமைந்தது" என்றார் மருத்துவர்.

அவர் கூறியதன் விரிவு இது. பாலில் உள்ள பாற்சருக்கரையைச் செரிக்கத் தனி நொதி ஒன்று வேண்டும். தாய்ப்பால் மறக்கும் பருவத்தில் பூனைக்குட்டிக்கு அந்நொதி குறைந்துகொண்டே போகும். செரியாத சருக்கரை குடலில் நீரை இழுக்கும், வயிறு கழியும், உள்ளே சென்ற உணவும் உடம்பிலிருந்த நீரும் ஒருங்கே வெளியேறும். மேலும் பூனையின் பாலில் உள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப் போல் இருமடங்குக்கு மேற்பட்டது. குட்டி வயிறு நிரம்பப் பால் குடித்தாலும், அது வளர்வதற்கு வேண்டிய பொருள் அதில் போதாது. கதைகளிலும் படங்களிலும் பூனைக்கு முன்னால் பாற்கிண்ணத்தை வைத்தவர்கள் இதை அறிந்திலர் போலும்.

மருத்துவர் தோலுக்கடியில் ஊசிவழி நீர்மம் ஏற்றினார். மருந்து ஒன்று கொடுத்தார். குடற்புழு மருந்தை உடனே கொடாமல், குட்டி சிறிது தேறட்டும் என்று சில நாள் தள்ளிவைத்தார். நாய்களுக்கு விற்கும் தெள்ளு மருந்தை எக்காரணத்தாலும் பூசலாகாது என்று எச்சரித்தார். அவற்றுட் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் என்னும் பொருள் பூனைக்குக் கொடுநஞ்சு. நெருங்கிய பல்லுடைய சீப்பால் வாரி, பூச்சிகளைச் சவர்க்கார நீரில் உதறுவதே இத்துணைச் சிறு குட்டிக்கு ஏற்றது. பின்பு, வரிசை ஒன்றை வற்புறுத்தினார்: முதலில் வெம்மை, அடுத்து நீர், அதன்பின்னரே உணவு. பூனையின் உடல்வெப்பம் 38 முதல் 39 செல்சியசு வரை இருக்க வேண்டும். உடல் குளிர்ந்திருக்கும்போது குடல் இயங்காது. அப்போது ஊட்டிய உணவு உள்ளே தங்கிக் கெடும். வாந்தியெடுத்தால் மூச்சுக்குழலிலும் புகும்.

"இன்று நிறையக் கொடுக்கட்டுமா?" என்று சிறுமி கேட்டாள். நாள்முழுதும் பட்டினி கிடந்ததற்கு அவ்வளவும் ஈடுசெய்ய வேண்டும் என்பது அவள் எண்ணம்.

மருத்துவர் மறுத்தார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே வெறும் பழமொழி அன்று. நெடும் பட்டினியில் உடம்பு தன் உப்புகளைச் செலவிட்டு ஒருவாறு சமன்செய்துகொண்டு கிடக்கும். திடீரெனப் பேருணவு உட்புகுமாயின், குருதியிலுள்ள பாசுபரசும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் விரைந்து சென்று, குருதியில் அவற்றின் அளவு தாழும், இதயம் தடுமாறும். 1945-இல் உலகப்போர் முடிந்தபோது சிறைமுகாம்களிலிருந்து மீண்ட பட்டினியாளருள் சிலர், வயிறார உண்ட பின்னரே உயிர் துறந்தனர். மருத்துவர்கள் இவ்வுண்மையைக் கற்றது அத்துணைத் துயரமான பாடத்தினின்றும் ஆகும். ஆகவே குட்டிக்கு முதல்நாள் இரண்டு மணிக்கொருமுறை ஒரு தேக்கரண்டி. மறுநாள் சிறிது மிகுதி. அதற்கு மறுநாள் இன்னும் சிறிது.

எதைக் கொடுப்பது என்பதில்தான் அவ்வீட்டில் உண்மையான இடர் தோன்றிற்று. அது புலால் உண்ணாக் குடும்பம். பாட்டியார் தம் எழுபது வயதில் இறைச்சியைக் கையால் தொட்டதில்லை. தயிர்ச்சோறு, பருப்புச்சோறு, நெய் கலந்த பொங்கல் ஆகியவற்றை ஊட்டி வளர்க்கலாகாதா என்று அவர் மருத்துவரைக் கேட்டார். கேட்டதில் பிழையில்லை, அவர் வீட்டில் நாய் ஒன்று பதினான்கு ஆண்டு அவ்வாறே வாழ்ந்தது. ஆயின் பூனை நாயன்று. அதன் உடம்பு ஊனுணவுக்கென்றே அமைந்தது. காரட்டிலும் கீரையிலும் உள்ள பொருளினின்று ஏ உயிர்ச்சத்தை ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் நமக்கு உண்டு, பூனைக்கு இல்லை. டாரின் என்னும் சத்தைப் பூனை தனக்கு வேண்டுமளவு ஆக்கிக்கொள்ள இயலாது; இறைச்சியிலும் மீனிலுமே அதனைப் பெறுகின்றது. அது குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பதை 1975-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டிற்று. இதயத்தசை தளர்ந்து விரியும் என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து டேவிஸ் வளாக ஆய்வாளர் 1987-இல் வெளியிட்டனர். இனிப்புச் சுவையைக்கூடப் பூனை அறியாது. அச்சுவையை உணர்த்தும் மரபணு அதனிடம் பழுதுற்றுக் கிடப்பது 2005-இல் தெரியவந்தது. நெய்ப்பொங்கலில் வெல்லம் இட்டாலும் இடாவிட்டாலும் அதற்கு ஒன்றே.

பாட்டியார் வீடு திரும்பும்வரை ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் இறங்கியதும் அடுத்த வீட்டுக்குச் சென்றார். அவ்வீட்டார் ஊனுணவு உண்பவர். முப்பது ஆண்டு அண்டை வீட்டில் இருந்தும் அவர்கள் அடுக்களையை அவர் எட்டிப் பார்த்தவர் அல்லர்.

"அம்மா, ஓர் உதவி செய்ய வேண்டும். கோழி இறைச்சி சிறிது, எலும்பில்லாமல், உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்துத் தர வேண்டும். வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்கலாகாதாம்" என்றார். வெங்காயமும் பூண்டும் பூனையின் செங்குருதி அணுக்களை அழிப்பன என்று மருத்துவர் சொன்னதை அவர் மறக்கவில்லை.

அண்டை வீட்டு அம்மையார் வியந்தார். "தாங்களா கேட்கிறீர்கள்?" என்றார்.

"எனக்கா கேட்கிறேன்? அதற்கு இன்ன உணவு என்று வகுத்தவர் என்னைக் கேட்டு வகுக்கவில்லையே" என்றார் பாட்டியார்.

கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் ஒரு மூலை குட்டிக்கென ஒதுக்கப்பட்டது. தனி அலுமினியச் சட்டி ஒன்று, தனிக் கரண்டி ஒன்று, மணல் பரப்பிய மரத்தட்டு ஒன்று. வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு புறத்தில் மட்டும் வைத்தனர். சூடு மிகுந்தால் குட்டி மறுபுறம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும் அன்றோ? அன்றிரவு பாட்டியார் உறங்கவில்லை. இரண்டு மணிக்கொருமுறை எழுந்து, வெந்த இறைச்சியைக் கூழாக மசித்து, அதன் சாற்றில் கரைத்து, இளஞ்சூடாக்கி வைத்தார். வெதுவெதுப்பான உணவில் மணம் எழும். பூனை மணத்தைக்கொண்டே உணவைத் தேர்கின்றது. பத்து மணிக்குக் குட்டி முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பன்னிரண்டு மணிக்கு, பாட்டியார் தம் விரல்நுனியில் சிறிது தொட்டு அதன் உதட்டில் தடவினார். எழுபது ஆண்டு தொடாததைத் தொட்டது அந்த விரல். குட்டி உதட்டை நக்கிற்று; பின்பு விரலை நக்கிற்று. குட்டியை மனிதக் குழந்தைபோல் மல்லாத்தி ஊட்டுதல் பெருந்தவறு. உணவு நுரையீரலுக்குள் போய்விடும். அது நான்கு காலில் குந்தியபடியே உண்ணட்டும் என்று விட்டுவிட்டார். இரண்டு மணிக்கு ஒரு தேக்கரண்டி முழுதும் தீர்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலை தராசு 360 காட்டியது.

எட்டுக் கிராம் என்பது எவ்வளவு? பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் நிறையைவிடச் சிறிதே மிகுதி. மளிகைக் கடையில் அவ்வளவு மிளகைக் கூடுதலாகப் போட்டாலும் வாங்குபவர் கவனியார். அவ்வீட்டார் அந்த எட்டுக் கிராமை மும்முறை நிறுத்துப் பார்த்தனர். தந்தையார் பெட்டியை ஈரம் துடைத்து மீண்டும் தனியே நிறுத்து, ஐயம் நீங்கினார்.

அதன்பின் வேலை எளிதாயிற்று எனினும் நின்றுவிடவில்லை. வளரும் குட்டிக்கு, அதன் நிறையை நோக்க, வளர்ந்த பூனையைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு உணவாற்றல் வேண்டும். வயிறோ மிகச் சிறிது. ஆகவே பலமுறை, சிறுகச் சிறுக. வெறும் இறைச்சி சில நாளைக்கே ஏற்றது. எலும்பில்லா இறைச்சியில் சுண்ணாம்புச்சத்துப் போதாது. வளரும் எலும்பு வலுவிழக்கும். ஒரு வாரத்திற்குப்பின், குட்டிகளுக்கென்றே எல்லாச் சத்தும் அளவோடு கூட்டிச் செய்த உணவைக் கடையில் வாங்கி, வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்துச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றினர். சிறுமி பள்ளிக்குச் சென்ற பொழுதெல்லாம் ஊட்டியவர் பாட்டியாரே. காலையில் உணவுக்கு முன், ஒரே நேரத்தில், ஒரே பெட்டியில் நிறுத்தல் என்பது நியதியாயிற்று. நிறையை ஒட்டியே மருந்தின் அளவும் கணிக்கப்பட்டது. குடற்புழு மருந்து உட்சென்ற மறுநாள் மணல்தட்டில் வெண்ணூல் போன்ற புழுக்கள் கிடந்தன. அன்று நிறை கூடவில்லை. ஆனால் வயிறு தாழ்ந்தது. இரண்டு வாரம் கழித்து அம்மருந்தை மீண்டும் கொடுத்தனர்.

நவம்பர் 25-இல் 500 கிராம். சிறுமி அவ்வெண்ணைச் சுற்றி வட்டமிட்டாள். மறுநாளும் 500. அதற்கு மறுநாள் 492, பின்பு 488. குட்டி தும்மியது, மூக்கு அடைத்துக்கொண்டது, கண்ணில் நீர் வடிந்தது. உணவு முன்னிருந்தும் உண்ணவில்லை. மணம் அறியாத பூனைக்குப் பசி எழாது. மருத்துவரிடம் கொண்டுசென்று மருந்து பெற்றனர். பஞ்சை வெந்நீரில் நனைத்து நாசியைத் துடைத்தனர். ஆவி நிறைந்த குளியலறையில் சிறுபொழுது வைத்திருந்தனர். வீட்டிலிருந்த காய்ச்சல் மாத்திரையைத் தூளாக்கிக் கொடுக்கலாம் என்று அயலார் ஒருவர் யோசனை சொன்னார். நல்லவேளையாக எவரும் செவிசாய்க்கவில்லை. பாரசிட்டமால் சிறிதளவே ஆயினும் பூனையைக் கொல்லும். நான்காம் நாள் குட்டி தானே எழுந்து சட்டியருகே சென்றது. அன்று முதல் எண்கள் மீண்டும் ஏறின.

நிறை ஏறுகையில் பிற மாற்றங்களும் தோன்றின. ஈறு இளஞ்சிவப்பாயிற்று. விலா எலும்புகள் கண்ணுக்கு மறைந்தன. கை வைத்துத் தடவினால் மட்டும் புலப்பட்டன. நலமான உடலுக்கு அதுவே அளவு. தடவியும் புலப்படாவிடின் கொழுப்பு மிஞ்சிற்று என்று கொள்ள வேண்டும். மார்கழியில் அது பாட்டியாரின் கோலத்தின் குறுக்கே ஓடி இழைகளைக் கலைத்தது. அவர் கடிந்துகொண்டார், கடிந்தபின் அதன் சட்டியைக் கழுவி வைத்தார். டிசம்பர் நடுவில் முதல் தடுப்பூசி போடப்பட்டது. வெறிநோய்க்குரிய ஊசியை மூன்று திங்கள் நிறைந்தபின் போடலாம் என்று மருத்துவர் நாள் குறித்தார்.

2023 ஜனவரி 4-ஆம் நாள் தராசு சரியாக 1000 காட்டியது. அவ்வயதுக்கு அது இன்னும் சிறிது குறைவே. எனினும் நாள்தோறும் நிறுக்க வேண்டா, வாரம் ஒருமுறை போதும் என்றார் மருத்துவர். பனையோலைப் பெட்டியில் குட்டி அடங்கவும் இல்லை. உட்கார வைத்தால் விளிம்பைக் கடித்துவிட்டு வெளியே குதித்தது. பெட்டி பரணுக்குச் சென்றது. சிறுமி சுவடியில் எண்களை எழுதி வந்த பத்தியின்கீழ்க் கோடு ஒன்று இழுத்து, எஞ்சிய இடத்தில் அன்றைய பள்ளிக் கணக்கைச் செய்யத் தொடங்கினாள். குட்டி சுவடியின்மேல் வந்து படுத்துக்கொண்டது; அதனை நகர்த்த அவள் இருமுறை முயன்றும் இயலவில்லை.